தட்டினால் விடவேண்டும்

1

முதலில் ஒரு சத்தம். மேல்மாடியில் மகனின் அறைத் தரையில் யாரோ உள்ளங்கையை விரித்து அடிக்கிறார்கள். பட், பட். நான் கீழே சமையலறையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிற்கிறேன். யன்னலுக்கு வெளியே லண்டன் மழை, பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத மழை.

கண்டியில் ஒரு மண்டபத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதற்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவன் இன்னொருவனிடம் 'போதும்' என்கிறான். அடுத்து வரவேண்டியது ஒரு மௌனம். பிடி தளர்கிற மௌனம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு வாங்குவது கேட்கும். அதற்கும் பிறகு சிரிப்பு.

மௌனம் வரவில்லை. மூன்றாவது தட்டு வந்தது. நான்காவது வந்தது. பிறகு தட்டு என்று சொல்ல முடியாத ஒன்று, பலகையில் போட்ட மீன் துடிப்பதுபோல.

கோப்பையை வைத்துவிட்டுப் படியேறினேன். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தியிருந்தான். தரையில் மெத்தை. அதன்மேல் என் மகன் அருண், தன்னோடு பயிற்சிக்கு வரும் போலந்துப் பையனின் கையைத் தன் இரண்டு தொடைகளுக்கும் நடுவே இழுத்துப் பூட்டியிருந்தான். அந்தப் பையனின் மற்றக் கை தரையை அடித்துக்கொண்டிருந்தது.

"விடுடா."

விட்டான். போலந்துப் பையன் உருண்டு எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. வலித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது.

"அவன் தட்டினான்ல?"

"ஓம் அப்பா."

"கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டது."

"கேட்டும் ஏன் புடிச்சிக்கிட்டு இருந்த?"

அருண் வியர்வையைத் துவாயால் துடைத்தான். தாயின் யாழ்ப்பாணத் தமிழ்தான் அவன் வாயில் வரும், என் மலைநாட்டுத் தமிழ் வராது. "இப்பிடித்தான் பழகோணும் அப்பா. தட்டினவுடன விட்டா அது பழக்கமாப் போயிடும். கூண்டுச் சண்டையில ரெஃபரி வந்து தொட்டாத்தான் விடோணும். ரெஃபரி காணேல்ல எண்டா, தட்டினவன் எழும்பி உங்கட முகத்தில அடிப்பான். நான் தட்டவே இல்லை எண்டுவான்."

சரியாகத்தான் சொன்னான். பின்னால் விசாரித்தேன், அவர்களுக்கு அப்படித்தான் பழக்குகிறார்கள். ஆனாலும் படியிறங்கி வந்தபோது தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

2

கண்டியில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த மண்டபம் நினைவிருக்கலாம். கட்டுக்கலையில், கோயில் மணியும் பேராதனை வீதி பஸ் சத்தமும் ஒன்றாய்க் கேட்கும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். கிழமையில் மூன்று பின்னேரம் அங்கே ஜூடோ. சிங்களப் பையன்கள், நாங்கள், முஸ்லிம் பையன்கள், தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு மலாய்க்காரர். ஜப்பானியப் பாய் வாங்க வழியில்லை. தென்னந்தும்பு அடைத்த மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே கித்தானை இழுத்து நாலு பக்கமும் ஆணி அடித்திருந்தோம். விழுந்தால் தும்புத்தூசி எழும்பும். இன்றைக்கும் அடைத்த வீட்டின் தூசி மணம் மூக்கில் ஏறினால் என் தோள் தானாக உருளத் தயாராகிறது.

உடுப்புக் கதை இன்னும் வேடிக்கை. மா வருகிற தடித்த துணிப் பைகளைப் பிரித்து, இரண்டு மடிப்பாக்கி, அம்மா தைத்துத் தந்தாள். எத்தனை தரம் துவைத்தும் முதுகில் மாப்பையின் எழுத்துகள் போகவில்லை. கொலரை மட்டும் கித்தான் பட்டியால் தைக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்தக் கொலரில்தான் இருக்கிறது. கொலரைப் பிடித்து இழுப்பது, கொலரைப் பிடித்துத் தூக்கிப் போடுவது, கொலரை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக் கழுத்தை நெரிப்பது. ஆம், நெரிக்கவும்தான் பழகினோம். பண்பான கலை என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஒருவனை மயக்கம் போடவைக்க எத்தனை நொடி போதும் என்பது பதினேழு வயதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அறிவைச் சுமந்துகொண்டு நாங்கள் ஒருவரையொருவர் கொல்லாமல் வீட்டுக்குப் போனோமென்றால் அதற்கு ஒரே ஒரு வழக்கம்தான் காரணம். தட்டினால் விடவேண்டும். தரையில் தட்டினாலும் சரி, அவன் கையில் தட்டினாலும் சரி, இரண்டு தட்டு. அதற்கு மேல் பிடித்திருந்தவனோடு அடுத்த நாள் யாரும் ஜோடி சேரமாட்டார்கள். தண்டனை அவ்வளவுதான். மண்டபத்தின் ஓரத்தில் தனியே நின்று எல்லோரும் பயில்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

என் ஜோடி நிமால். கலகெதரவில் இருந்து பஸ்ஸில் வருவான். அவன் அப்பாவின் கடை முஸ்லிம் வியாபாரிகளின் கடைகளுக்கு நடுவே இருந்ததால் கொஞ்சம் தமிழ் வரும். ஆனால் எங்களுக்குள் சிங்களம்தான். அவன் கழுத்து வியர்வை மணம் எனக்குத் தெரியும். என் இடது முழங்கால் பலவீனம் அவனுக்குத் தெரியும். ஒருவன் மற்றவன் கழுத்தை வாரத்தில் மூன்று நாள் நம்பிக் கொடுத்திருந்தோம்.

3

நான் இங்கே ஒரு சலவைக் கடையில் நீராவிப் பொறியில் சட்டை தேய்க்கிறேன். காலையில் இருந்து பின்னேரம் வரை கொலர்கள். வெள்ளைக் கொலர், நீலக் கொலர், உதட்டுச் சாயம் பட்ட கொலர். கொலரை விரித்து, அழுத்தி, ஆவி விட்டு, புரட்டுகிறேன். என்ன வேலையப்பா இது என்று என் கைகளே சில வேளை என்னைக் கேட்கும். நான் அடுத்த கொலரை எடுக்கிறேன்.

மனைவி வசந்தி பருத்தித்துறைக்காரி. அவளுடைய அக்கா குடும்பம் வன்னியில். தொலைபேசி நின்று மாதங்களாகிவிட்டன. இந்த வருடம், இரண்டாயிரத்து ஒன்பது, எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைவதே இல்லை. குரலைக் குறைத்துவிட்டு, வரைபடத்தில் புலிகளிடம் மிஞ்சியதென்று சிவப்பாய்க் காட்டுகிற துண்டு சுருங்குவதைப் பார்த்தபடி அவள் மரக்கறி வெட்டுவாள். இங்கே லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, எங்கள் சனம் இரவும் பகலும் நிற்கிறது. அருணும் போனான். பனியில் நின்று கத்திவிட்டுத் தொண்டை கட்டி வந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றான். அன்றைக்குப் பிறகு அவன் மெத்தையில் தட்டுகிற சத்தம் கூடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுவரொட்டி வந்தது.

எங்கள் வீதித் தமிழ்க் கடைக் கண்ணாடியில், வாழைப்பழச் சீப்புக்கும் தொலைபேசி அட்டை விளம்பரத்துக்கும் நடுவே ஒட்டியிருந்தது. ஒருபக்கம் என் மகன், சட்டையில்லாமல், நான் ஒருநாளும் வீட்டில் பார்த்திராத முகத்தோடு. மறுபக்கம் ருவன் என்ற சிங்களப் பையன், இங்கேயே வளர்ந்தவன். அருணுக்குப் பின்னால் புலி, ருவனுக்குப் பின்னால் வாள் பிடித்த சிங்கம். நடுவில் இரும்புக் கம்பி வலை. மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: யுத்தம் இங்கே முடியும்.

கூண்டுச் சண்டை நடத்துகிற வெள்ளைக்காரனுக்கு எங்கள் நாட்டை வரைபடத்தில் காட்டத் தெரியுமோ என்னவோ. ஆனால் ஒரு மண்டபத்தில் இரண்டு சனத்தையும் உட்காரவைத்தால் இருக்கைகள் நிரம்பும் என்று தெரிந்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என் அப்பாவின் பேரனுக்கு ஏன் இந்த மிருகத்தைக் கட்டிவிட்டீர்கள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கேட்டாலும் அருண் என் பக்கம் நிற்கமாட்டான்.

கடைக்காரர் பாலா அண்ணை என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. எங்கட பொடியன் கலக்கப் போறான். டிக்கெட் எல்லாம் என்னட்டத்தான். உங்களுக்கு முன்வரிசை."

"அண்ணே, அந்தப் படத்தைக் கொஞ்சம் கழட்டி வைக்க ஏலாதா?"

"ஏன் கழட்டோணும்? அங்க எங்களுக்கு விழுகிற அடிக்கு இஞ்ச எண்டாலும் ஒண்டு திருப்பிக் குடுக்க வேண்டாமே?" அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. அவருடைய தம்பியும் வன்னியில். "தம்பிட்டச் சொல்லுங்கோ. பிடிச்சா விடப்படாது. கை முறியிற சத்தம் எங்களுக்குக் கேக்கோணும்."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், கையில் முருங்கைக்காயோடு, மெதுவாய் "ஓம்" என்றாள்.

அந்த 'ஓம்' தான் என்னைப் பயமுறுத்தியது. கத்துகிறவர்களைப் பார்த்து எனக்குப் பயம் விட்டுப்போய் நெடுநாள். எழுபத்தேழுக் கலவரத்திலும் பார்த்தேன், எண்பத்து மூன்றிலும் பார்த்தேன். மரக்கறிக் கூடையோடு நின்று மெதுவாய் ஆமோதிக்கிறவர்கள் வந்த பிறகுதான் வீதி பற்றும்.

4

எண்பத்து மூன்று ஜூலை. கொழும்பில் இருந்து செய்தி வந்து, கண்டியில் காற்று நின்றுபோனதுபோல் ஒரு காலை. நான் திருகோணமலை வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி கதவை இழுத்து மூடிவிட்டு எங்களைப் பின்வழியால் அனுப்பினார். வாவிக்கரையால் சுற்றி, தெரிந்த முகங்களைத் தவிர்த்து நடந்தேன். அன்றைக்குத் தெரிந்த முகங்கள்தான் ஆபத்து. தெரியாதவனுக்கு நான் யாரென்று தெரியாது.

கட்டுக்கலைக்குத் திரும்புகிற முடக்கில் கூட்டம். பின்னால் புகை. இரண்டு பொலிஸ்காரர்கள் கடை மறைவில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கைகாட்டினான். தடிகள் திரும்பின. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். நிமால்.

"இவன் எனக்கு" என்று சிங்களத்தில் கத்தினான்.

இரண்டு கைகளும் குறுக்கே வந்து என் சட்டைக் கொலரைப் பிடித்தன. எனக்குத் தெரிந்த கைகள், தெரிந்த பிடி. அவன் மணிக்கட்டு என் கழுத்து நரம்பில் எங்கே போய் உட்காரும் என்று எனக்கு முன்னமே தெரியும், உட்கார்ந்தது. மண்டபத்தில் பிடிப்பதைவிட இறுக்கம். என் உடம்பு யோசிக்கவில்லை. வீடு எரிகிறதா, அம்மா எங்கே, எதையும் அது கேட்கவில்லை. பழகியதைச் செய்தது. என் வலது கை எழும்பி அவன் முழங்கையில் தட்டியது. பட், பட்.

அவன் வாய் என் காதருகே வந்தது. எங்களுக்குள் சிங்களம்தான் என்று சொன்னேனல்லவா. அன்றைக்கு அவன் தமிழில் சொன்னான், அந்த இரைச்சலுக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தட்டாதே மச்சான். பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

பிடி தளரவில்லை. கடைகளின் தகரக் கூரையும் புகையும் அவன் நெற்றியும் ஓரங்களில் இருந்து கறுத்துக்கொண்டு வந்தன.

கண் திறந்தபோது வீதியோரக் கானுக்குள் கிடந்தேன். இராணுவ வண்டி ஒன்று முடக்கில் இரைந்துகொண்டு நின்றது. கூட்டம் இல்லை, நிமால் இல்லை. கொலர் கிழிந்து ஒரு நூலில் தொங்கியது. வத்தேகமவில் தங்கச்சி வீட்டுக்கு அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தது, முகாம், பிறகு கடல் கடந்தது எல்லாம் வேறு கதை, உங்களில் பாதிப்பேருக்கு அதே கதைதான்.

என் கதையில் மிச்சம் இந்தக் கேள்வி மட்டும். அவன் விட்டானா? நான் செத்தேன் என்று கூட்டத்தை நம்பவைக்க என்னை மயக்கிப் போட்டானா? அல்லது கூட்டம் பார்க்கிறது என்பதால் விட முடியாமல் பிடித்தே இருந்தானா, வண்டி வந்து எல்லோரையும் கலைக்கும்வரை?

5

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் அரசாங்கத்தரப்பில் இருந்து கேட்டது லண்டனில் ஒரு குடிவரவு அதிகாரி. பச்சைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்தார். மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டு அம்மா ஒருவர். நான் 'கான்' என்றால் அவருக்கு விளங்கவில்லை, சாக்கடை என்று சொல்ல வேண்டியிருந்தது.

"உங்களைத் தாக்கியவர் உங்களைக் கொல்ல நினைத்தாரா, காப்பாற்ற நினைத்தாரா என்று கேட்கிறார்" என்றார் அந்த அம்மா.

"தெரியாதுங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லணுமாம்."

"அவனத்தான் கேக்கணும்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏமாற்றுகிறேன் என்று அவர் நினைக்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது. என்னை எந்தப் பெட்டியில் போடுவதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வதிவிட அனுமதி கிடைக்கப் பல வருடமாயிற்று.

நிமாலைக் கேட்கவும் முடியாமல் போனது. தெற்கில் கிளர்ச்சிக்காரர் என்று சந்தேகப்பட்ட சிங்களப் பையன்களை இராணுவம் தூக்கிக்கொண்டு போன காலம் வந்தது. எண்பத்தொன்பதின் முடிவில் தங்கச்சி தொலைபேசியில் ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் சொன்னாள். "அண்ணே, அந்தக் கலகெதர நிமால் இருந்தாருல்ல, ஒங்களோட பழகினவரு. வீட்டுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்களாம். அதோட சரி. அவங்க அம்மா டவுனுக்கு வந்து ஒவ்வொரு பொலிஸ் ஸ்டேஷனா ஏறி எறங்குது."

அவனைக் கொண்டுபோனவர்கள் கையிலும் அவன் தட்டியிருப்பான். எனக்கு நிச்சயம். உடம்பு யோசிக்காது.

6

இதையெல்லாம் அருணுக்கு அதற்குமுன் சொன்னதில்லை. சுவரொட்டியைப் பார்த்த அந்தக் கிழமை சொன்னேன். ஞாயிறு மத்தியானம், சோற்றுக் கோப்பைகள் கழுவாமல் மேசையில் கிடக்க. வசந்தி தொலைக்காட்சியின் பக்கம் முகம் திருப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டான், "அப்ப உங்கட கலை என்ன செய்தது அப்பா? குனிஞ்சு வணக்கம் சொல்லி, ஜோடி சேந்து, எல்லாம் செய்துபோட்டுத்தானே அவர் அங்க வந்து நிண்டவர்."

"ஆமா."

"கூண்டு காட்டுமிராண்டித்தனம் எண்டுறீங்கள். காசுக்கு அடிபடுகினம் எண்டுறீங்கள். எங்களுக்கு டொக்டர் இருக்கிறார், ரெஃபரி இருக்கிறார். உங்கட கண்டியில ரெஃபரி இருந்தவரோ?"

"ரெண்டு பேரு இருந்தாங்க. வேற பக்கம் பாத்துக்கிட்டு."

அவன் சிரித்துவிட்டான். நானும். வசந்தி மட்டும் சிரிக்கவில்லை.

"அருண், நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. அவன் தட்டினா விட்டுரு. ரெஃபரி பாத்தாரா பாக்கலையான்னு நிக்காத. அந்த மண்டபத்துல ரெண்டு பக்கமும் ஒக்காந்திருக்கிறவங்க கை ஒடையிறதப் பாக்கத்தான் காசு குடுத்து வாறாங்க. ஒனக்குள்ள இப்ப இருக்கிற கோவத்துல ஒரு நொடி கூடப் புடிச்சா அந்தப் பயலுக்குக் கையே இல்லாமப் போயிரும்."

"அது அவன்ட பிரச்சினை. அவன் கொன்ட்ராக்ட் சைன் பண்ணினவன்."

"அவன் கை முறிஞ்சா எங்கட அக்கா ஃபோன் எடுப்பாவோ?" வசந்தி திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

அருண் எழுந்து தன் கோப்பையைக் கழுவி வைத்தான். ஒருநாளும் கழுவாதவன்.

7

மண்டபம் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். குளோரின் மணம். வழியில் சின்னப் பிள்ளைகள் ஈரத்தலையோடு பெற்றோரின் கைபிடித்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள், நாங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். இடதுபக்கம் ஒரு கொடி, வலதுபக்கம் ஒரு கொடி. நடுவில் பிரித்துவைக்கத் தடித்த ஆட்கள். அடிக்கடி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள், இசை நெஞ்செலும்பில் இடித்தது. யாரும் யாருக்கும் குனியவில்லை. ஒருவன் மூக்கோடு ஒருவன் மூக்கை வைத்து முறைப்பதுதான் வணக்கம், அதைப் படம் பிடிக்கத் தனியே ஆள்.

வசந்தி வரவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

நான் வலையோரம் உட்கார்ந்தேன். ருவனைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். காதுகள் நசுங்கிய, மெலிந்த முகம். ஒரு நடுத்தர வயதுப் பெண் அவன் பக்கத்து முன்வரிசையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். தாயாய் இருக்கவேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவே கூண்டு.

முதல் சுற்று அடி, உதை, தழுவல். அடி விழுந்த இடமெல்லாம் எனக்குள் கேட்டது. இரண்டாம் சுற்றில் ருவன் தடுமாறி விழ, அருண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். மேல்மாடி மெத்தையில் பார்த்த அதே பூட்டு. கால்கள் ருவனின் நெஞ்சுக்கும் முகத்துக்கும் மேல், முழங்கை அருணின் இடுப்பில் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "விடாத, விடாத" என்று ஆண்களும் பெண்களும் ஒரே குரலில். பாலா அண்ணையின் குரலும் அதில் இருந்தது. அந்தத் தாளத்தை நான் கட்டுக்கலை முடக்கில் வேறு மொழியில் கேட்டிருக்கிறேன்.

நடுவர் அந்தப் பக்கம் மண்டியிட்டு முழங்கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருணின் கால்கள் அவருக்கு மறைப்பு. இந்தப் பக்கம், எனக்கு ஒரு கை தூரத்தில், ருவனின் மற்றக் கை எழும்பியது. அருணின் காலில் தட்டியது.

பட், பட்.

அவ்வளவு இரைச்சலில் அது எனக்குக் கேட்டது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மூன்றாவது தட்டு வரவில்லை. அருண் விட்டுவிட்டான். கையை விட்டு, உருண்டு, மண்டியில் எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான், முடிந்தது என்று. ஒரு கணம் அந்தக் கூண்டுக்குள் அந்த மௌனம் இருந்தது. நான் இருபத்தாறு வருடமாய்க் காத்திருந்த மௌனம்.

நடுவர் கையை அசைத்தார்: தொடருங்கள்.

ருவன் முழங்கையைப் பிடித்தபடி எழுந்தான். உடனே அடிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவன் ஒருதரம் திரும்பினான். நடுவரைப் பார்க்கவில்லை, என் மகனையும் பார்க்கவில்லை. தன் பக்கத்துக் கொடிகளைப் பார்த்தான். பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கையால், விரித்த உள்ளங்கைகளோடு மண்டியிட்டிருந்த என் பிள்ளையின் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். நடுவர் பாய்ந்து விழுந்து தடுத்தார். அப்போது மட்டும் அவர் சரியான பக்கத்தில் இருந்தார்.

8

கண்ணுக்குக் கீழ் எலும்பு வெடித்துவிட்டது. இடது கண்ணில் ஒரு நிழல் நிற்கிறது, போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார்கள்.

மண்டபத்தில் கதிரைகள் பறந்தன. வாகனத் தரிப்பிடத்தில் ஒருவனுக்குக் கத்திக்குத்து. யார் என்று கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் தங்கள் ஆள் என்கிறார்கள். எங்களைப் பின்வழியால் வெளியே விட்டார்கள். எனக்குப் பின்வழிகள் பழக்கம்.

காலையில் பாலா அண்ணையின் கண்ணாடியில் சுவரொட்டி இருந்தது, அருணின் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள். நான் பால் வாங்கப் போனேன். பாலா அண்ணை மிச்சத்தைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். வெளியே வரும்போது பின்னால் ஒரு குரல், "துரோகி." அந்தச் சொல்லுக்கு எங்கள் சனத்துக்குள் எத்தனை உயிர் விலை என்று உங்களுக்குத் தெரியும்.

கூண்டுச் சண்டை நடத்துகிறவர் மட்டும் மலர்ச்செண்டோடு வீட்டுக்கு வந்தார். வாங்கிக் கதவோரம் வைத்தேன். நடந்தது எல்லாம் படத்தில் இருக்கிறதாம். தட்டியதும், விட்டதும், அடித்ததும். உலகம் முழுக்கப் பார்க்கிறார்களாம். இரண்டாம் தரம் மோதினால் இதைவிடப் பெரிய மண்டபம் எடுக்கலாம் என்றார். எங்கள் கதிரையில் உட்கார்ந்து, எங்கள் தேத்தண்ணீரைக் குடித்து, வீக்கத்தில் ஒரு கண் மூடியிருந்த என் மகனிடம் மென்மையாய்ப் பேசினார். அடுத்த அறையில் தொலைக்காட்சி, குரல் இல்லாமல். சிவப்புத் துண்டு நகத்தளவு ஆகியிருந்தது.

அருண் சம்மதித்தான். நான் கத்தினேன், வசந்தி கத்தவில்லை. வடக்கே இன்னொரு நகரத்தில் வேறு பயிற்றுநர், வேறு கூடம், இப்போதே போய் அங்கே தங்கி, கண் ஆறியதும் தொடக்கம்.

9

சனிக்கிழமை காலை கோச் பஸ் நிலையத்துக்குப் போனோம், அவனும் நானும். புறப்படும்போது வசந்தி திருநீறு பூசிவிட்டு, வீங்கிய பக்கத்தைத் தொடாமல், மற்றக் கன்னத்தைத் தடவினாள். "சாப்பிட்டு இரு" என்றாள். 

பஸ் வரிசையில் நின்றோம். அவன் பையின் பட்டி கழுத்தோரம் முறுகியிருந்தது. என் கை தானாகப் போய் நிமிர்த்தி, சட்டைக் கொலரையும் இழுத்துச் சரிசெய்தது. தொழில் பழக்கம். அவன் நகரவில்லை. கழுத்தை என்னிடம் விட்டுக்கொண்டு நின்றான்.

"எனக்காகவாடா விட்ட? நான் சொன்னதுக்காக?"

"இல்லை அப்பா. நீங்கள் சொன்னது அப்ப ஞாபகமே வரேல்ல."

"பின்ன?"

"அவன் என்ட காலில தட்டினான். ரெஃபரிட காலில தட்டேல்ல. என்னட்டத்தான் கேட்டான்." நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான். "கேட்டது. விட்டுட்டன்."

சாரதி பைகளை அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடலாம் போலிருந்தது. நிமால் எனக்குச் சொல்லாமல் போன பதிலை யாரோ சொல்லிவிட்டதுபோல. ஆனால் அருண் படியில் காலை வைத்துவிட்டான்.

"அடுத்த தடவை?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவன் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"அதுக்குத்தான் போறன் அப்பா. தட்டினாலும் கேக்காம இருக்கப் பழக."